கிட் வேணாம், என் கணக்கைத் திறந்து விடச் சொல்லு: கஜாவுக்கு அப்புறம் ஒரு ஊர்ல மளிகைக் கடை வழியா செஞ்ச உதவி

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. அதுக்கு அப்புறம் டெல்டால நிவாரணம்ங்கிற பேர்ல எவ்வளவோ நடந்துச்சு, நல்லதும் நிறைய, பாக்க சகிக்காததும் நிறைய. நான் இங்க எழுதப்போறது ஒரே ஒரு ஊர்ல ரெண்டு கடையை வச்சு செஞ்ச சின்ன ஏற்பாட்டைப் பத்தி மட்டும்தான். ஊர் பேரும் வேணாம் ஆளுங்க பேரும் வேணாம், திருத்துறைப்பூண்டிலேந்து வேதாரண்யம் போற ரோட்டுக்கு உள்ளடங்குன ஒரு ஊருன்னு வச்சுக்குங்க. இப்ப எதுக்கு எழுதுறேன்னா, ஒவ்வொரு மழைக்கும் எங்க வாட்ஸ்அப் குரூப்ல "இந்த தடவை எத்தனை கிட் போடலாம்"னு கேட்டு மெசேஜ் வந்துடுது. கிட்டுன்னா தெரியும்ல, அரிசி பருப்பு எண்ணெய் போட்ட ஒரு பை, பை மேல யாரோட மூஞ்சியாவது, அப்புறம் ஒரு வரிசை, வரிசைக்கு முன்னாடி ஒரு போன் கேமரா. அதுக்கு மாத்தா ஒண்ணு செஞ்சு பாத்தாச்சு, எது ஓடுச்சு எது ஓடலன்னு எழுதி வச்சா அடுத்து செய்றவங்களுக்கு ஆகும்.

ஊர் நிலைமையை முதல்ல சொல்லிடுறேன், இது தெரியாம மத்தது புரியாது. கொஞ்சம் பேருக்கு தென்னந்தோப்பு, கொஞ்சம் பேருக்கு முல்லைக்கொல்லை, கொஞ்சம் நெல்லு, மிச்சம் பாதிக்கு மேல கூலி வேலை. புயல் வந்தது கார்த்திகை பொறக்குற நேரம். சம்பா நடவு முடிஞ்சிருக்கும், அறுப்புக்கு தை வரணும், நடுவுல களை எடுக்குறதைத் தவிர பெருசா வேலை இருக்காது. அதனால புயல் இல்லாத வருஷத்துலயே கூலிக்காரங்க வீட்ல கை காயுற மாசம் அது. அந்த ரெண்டு மாசத்தை அவங்க ஓட்டுறது ரேஷன் அரிசியை வச்சும் மளிகைக் கடை கடனை வச்சும்தான். ரேஷன் அரிசி இங்க 2011 ஜூன்லேந்து இலவசம், அது வந்துடும். ஆனா புளி, மிளகா, எண்ணெய், சோப்பு, டீத்தூள், புள்ளைக்கு பிஸ்கட்டு எல்லாம் கடை நோட்டுலதான். அறுப்பு முடிஞ்சதும் கணக்கைத் தீப்பாங்க, மறுபடி ஏறும், மறுபடி தீப்பாங்க. யாரும் அதைக் கேவலமா நினைச்சதே இல்ல, வாத்தியார் வீட்டுக்கும் அந்த நோட்டுல ஒரு பக்கம் உண்டு.

புயல்ல அந்தக் கடையோட கூரை போச்சு. சீனி மூட்டை கரைஞ்சு தரையெல்லாம் பாகு, பருப்பு முளை விட்டுடுச்சு. கடைக்காரர் மொத்த வியாபாரிக்கு குடுக்க வேண்டிய பணம் அப்படியே நிக்குது. அவரு செஞ்ச முதல் காரியம், மீந்த சரக்கை வச்சு கடையைத் திறந்துட்டு "இனிமே ரொக்கம்தான், நோட்டு கிடையாது"ன்னு சொன்னது. அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

சரி, லாரிங்க வந்த கதை. மெயின் ரோட்டை ஒட்டி இருந்த ஊருக்கு ஒரே நாள்ல நாலஞ்சு வண்டி, உள்ள இருக்குற ஊருக்கு ஒண்ணும் இல்ல. ஏன்னா ரோட்டுல மரமும் கரண்டு கம்பமும் சாஞ்சு கெடக்கு, லட்சத்துக்கு மேல கம்பம் போச்சு அந்தப் புயல்ல. அதையும் மீறி உள்ள வர்ற வண்டியை வழியில மறிச்சு இறக்கிடுவாங்க, மறிக்கிறவங்களுக்கும் பசிதான். சில வண்டிங்க நிக்கவே பயந்துகிட்டு ஓடுற வண்டிலேந்து பிரெட் பாக்கெட்டை வீசிட்டுப் போச்சு. பெரியவங்க கையை நீட்டிகிட்டு பின்னாடி ஓடுறதை நம்ம ஆளுங்களே வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சாங்க. 2004 சுனாமிக்கு நாகை பக்கம் ரோட்டோரமா பழைய துணி மலையா கெடந்துச்சே, மீனவங்க அதைத் தொடக்கூட இல்ல, அதைப் பாத்தவங்களுக்கு இது புதுசு இல்ல. குடுக்குறவங்க மனசுல கெட்டது ஒண்ணும் இல்லதான், எல்லாரும் தூரத்துலேந்து சொந்தக் காசு போட்டு டீசல் அடிச்சு வந்தவங்க. ஆனா ஒரு தோப்புக்காரர், நேத்து வரைக்கும் பத்து பேருக்கு வேலை குடுத்தவரு, அந்த வண்டிக்குப் பின்னாடி ஓட முடியுமா? ஓடல. அவங்க வீட்ல அடுப்பு எரியலங்கிறதே ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்துல உருப்படியா நடந்ததுன்னா அது பொதுச்சமையல். ஊர்ல ஒரு இடத்துல தார்ப்பாய் கட்டி, யார் வீட்ல எது நனையாம மீந்துச்சோ அதைக் கொண்டாந்து கொட்டி, ஒரே அடுப்பு. சாஞ்ச மரம் தான் விறகு, விழுந்த தேங்காய் தான் சட்னி. ஆம்பளைங்க மரம் வெட்டுறாங்க, பொம்பளைங்க காய் நறுக்குறாங்க, பந்தி போட்டு எல்லாரும் உக்காந்து சாப்பிடுறாங்க. இதுல யார் குடுத்தா யார் வாங்குனான்னே கிடையாது, வெளியூர்க்காரன் ஒரு மூட்டை அரிசி கொண்டாந்தா அதுவும் அந்த அண்டாக்குள்ள போயிடும். டெல்டா முழுக்க நிறைய ஊர்ல இப்படித்தான் முதல் கொஞ்ச நாள் ஓடுச்சு. (எங்க ஊர்லயும் காலனிக்கு தனி அடுப்புதான், அதையும் சொல்லிடணும். புயல் சாதியை எல்லாம் அடிச்சுகிட்டுப் போகல.) ஆனா பொதுச்சமையல் எத்தனை நாளைக்கு ஓடும்? தார்ப்பாயை மாட்டிகிட்டு அவங்கவங்க வீட்டுக்குத் திரும்புனதும் அவங்கவங்க அடுப்பு, அவங்கவங்க குழம்பு. அங்கதான் சிக்கலே ஆரம்பம், அந்த நேரத்துக்கு லாரியும் நின்னு போச்சு, டிவியும் கெளம்பிடுச்சு.

எங்க குரூப்னா ஊர்லேந்து வெளிய போனவங்க, சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், கொஞ்ச பேர் துபாய். பணம் சேந்துச்சு, எல்லாரும் கிட் போடத்தான் ரெடியா இருந்தாங்க. ஊர்ல ஒரு அத்தை, கூலி வேலை பாக்குறவங்க, புருஷன் இல்ல, அவங்ககிட்ட என்னென்ன வேணும்னு லிஸ்ட் கேட்டப்போ சொன்னாங்க: "எனக்கு கிட்டெல்லாம் வேணாம் தம்பி, கடையில என் கணக்கைத் திறந்து விடச் சொல்லு, தை பொறந்தா நானே குடுத்துக்குவேன்." இந்த ஒரு பேச்சுலேந்துதான் எல்லாம் ஆரம்பிச்சது. அவங்களுக்குத் தேவை அரிசி இல்ல, பொருள் எடுத்துட்டு எழுதிக்கங்கன்னு சொல்ற தெம்பு திரும்பி வரணும்.

செஞ்சது இதுதான். பணத்துல ஒரு பங்கை கடைக்காரருக்கு முன்பணமா குடுத்தோம், அவரு மண்டிக்குக் கட்டி சரக்கு எடுத்தாரு, கூரைக்கு தகரம் போட்டாரு. பதிலுக்கு நோட்டை மறுபடி திறக்கணும். மிச்சப் பணம் ஒவ்வொரு வீட்டுப் பக்கத்துலயும் வரவா ஏறும். வீட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை, தலைக்கணக்கு பாத்து கொஞ்சம் கூடக் குறைய. அந்த வரவுக்கு பக்கத்துல எங்க பேரோ நிவாரணம்னோ எழுதக் கூடாது, சும்மா வரவு, அவ்வளவுதான். புள்ளைங்க எப்பவும் போல துண்டுச்சீட்டை எடுத்துட்டு வரும், கடைக்காரர் எப்பவும் போல பொட்டலம் கட்டி நோட்டுல எழுதுவாரு. பக்கத்துல நிக்கிறவங்களுக்கு இது சொந்தக் கடனா உதவியான்னு தெரிய வழியே இல்ல.

கடைக்காரரோட இழுபறி வந்தது பழைய பாக்கியில. அவருக்கு அந்த வரவை பழைய கடன்ல கழிச்சுக்கணும்னு ஆசை. நாங்க ஒத்துக்கல. பழைய பாக்கி அறுப்பு வரைக்கும் அப்படியே நிக்கட்டும், இது புதுசா எடுக்குற பொருளுக்கு மட்டும்னு சொன்னோம். ரெண்டு நாள் முறைச்சுகிட்டு நின்னாரு, அப்புறம் முன்பணத்தை நினைச்சு சரின்னாரு. இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், வெளியூர்லேந்து லாரி லாரியா மளிகை இறக்குனா உள்ளூர்க் கடை படுத்துடும். கடை படுத்தா கடன் படுத்துடும். லாரி மூணு வாரம்தான், கடை வருஷம் பூரா. கூலிக்காரங்க வீட்டுக்கு உண்மையான காப்பீடு அந்தக் கடன் நோட்டுதான், அதைக் கொன்னுட்டு கிட் குடுக்குறது என்ன உதவின்னு எனக்கு இன்னும் விளங்கல. புதுக்கோட்டை பக்கம் ஒரு டீக்கடைக்காரர் கஜாவுக்கு அப்புறம் வாடிக்கைக்காரங்க பாக்கியை மொத்தமா தள்ளுபடி பண்ணி கடையில போர்டே வச்சாருன்னு செய்தியில வந்துச்சு, அவருக்கு இது விளங்கியிருக்கு.

யார் வீட்டுக்கு வரவு எழுதுறதுங்கிற பேச்சு வந்தப்போ ஊர்ல பெரிய மனுஷங்க லிஸ்டோட வந்தாங்க, அதுல யார் பேரு இருந்துச்சு யார் பேரு இல்லங்கிறதைப் பாத்தாலே போதும், யார் யாரு கட்சின்னு தெரிஞ்சுடும். அதனால லிஸ்டே வேணாம், எடுத்துகிட்ட தெருவுல எல்லா வீட்டுக்கும் எழுதிடுறதுன்னு முடிவு. சிங்கப்பூர்ல இருக்குற ஒரு அண்ணன் கொதிச்சுட்டாரு, "மாடி வீட்டுக்காரனுக்கும் என் காசா"ன்னு. அவரு கேக்குறதும் நியாயம்தான். ஆனா நம்ம ஊர் ரேஷனையே பாருங்க, 1997-ல நாடு பூரா வறுமைக்கோட்டுக்குக் கீழ, மேலன்னு பிரிச்சப்போ தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் ரேஷன்ங்கிற முறையை விடாம பிடிச்சுகிட்டுச்சு. அதனாலதான் இங்க ரேஷன் வரிசையில நிக்கிறதுக்கு யாரும் கூச்சப்படுறது இல்ல, முன்னாடி நிக்கிறது கூலிக்காரம்மாவா இருக்கும், பின்னாடி நிக்கிறது கிளார்க் வீட்டம்மாவா இருக்கும். 2023 ஆகஸ்ட் 25 திருக்குவளையில வச்சு காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும்னு விரிச்சாங்களே, அதுலயும் இதே சங்கதிதான், எந்தப் புள்ள வீட்ல சாப்பிடாம வந்துச்சுன்னு யாரும் கேக்குறது இல்ல. மாடி வீட்டுக்குப் போற காசு வீண் இல்ல, அது மத்தவங்க கூச்சத்துக்குக் குடுக்குற விலை. அப்புறம் நடந்தது என்னன்னா, வசதி இருந்த சில வீட்டுக்காரங்க தாங்களாவே கடைக்காரர்கிட்ட வந்து "எங்க பக்கத்துல இருக்குறதை அந்தக் கடைசி வீட்டுக்கு மாத்திடுங்க"ன்னு சொன்னாங்க. எல்லாரும் சொல்லல. சிங்கப்பூர் அண்ணனோட சொந்தத் தம்பி கடைசி வரைக்கும் சொல்லல, அது வேற கதை.

என்ன வாங்குனாங்கங்கிறது கிட் போடுறவங்க கவனிக்க வேண்டிய விஷயம். அரிசி வாங்குனவங்க ரொம்பக் கம்மி. அரசாங்கம் 27 பொருள் அடங்குன நிவாரணப் பை வேற அறிவிச்சு குடுத்துகிட்டு இருந்துச்சு, அதுலயும் அரிசி உண்டு. கடையில போனது மெழுகுவத்தி, கொசுவத்தி, தீப்பெட்டி, கருவாடு, புளி, பால் பவுடர், சோப்பு, தேங்காய் எண்ணெய் (தென்னை விழுந்த ஊர்ல பாட்டில் எண்ணெய்!), நாப்கின், ஜெனரேட்டர்ல போன் சார்ஜ் போட காசு, அப்புறம் வெத்தலை பாக்கு. வெத்தலை பாக்குக்கு குரூப்ல ஒரு போரே நடந்துச்சு. "சாப்பாட்டுக்குதான் காசு குடுத்தோம், வெத்தலைக்கு இல்ல"ன்னு ஒருத்தர். வயல்ல நாள் பூரா குனிஞ்சு நிக்கிற அப்பாயிக்கு வெத்தலை இல்லன்னா சோறு இறங்காதுன்னு இன்னொருத்தர். நான் ரெண்டாவது கட்சி. பீடி சிகரெட்டுக்கு மட்டும் வரவுலேந்து கழிக்க வேணாம்னு கடைசியில முடிவாச்சு, அந்த முடிவும் எனக்கு அவ்வளவா ஒப்பல. யாரோ ஒருத்தர் சம்பாதிச்ச காசுல அவர் எதை வாங்குறாருன்னு நாம கேக்குறது இல்லையே.

இந்த விருப்பத்துக்கு விடுற வழக்கம் தஞ்சாவூருக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஒரத்தநாட்டு சத்திரம் கட்டுன சரபோஜி மன்னர் 1801-ல தஞ்சாவூர் சத்திரங்களைப் பத்தி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களுக்கு எழுதுன கடிதத்துல, வர்றவங்க எந்தச் சாதியா இருந்தாலும் சோறு உண்டு, ஆக்குன சோறு வேணாம்ங்கிறவங்களுக்கு அரிசியும் சாமானும் உண்டு, நடுராத்திரியில மணி அடிச்சு இன்னும் சாப்பிடாதவங்க யாரும் இருந்தா வாங்கன்னு கூப்பிடுவாங்கன்னு இருக்கு. ஆக்குனதை வேணாம்ங்கிறதுக்குப் பின்னாடி ஆசாரம்தான் இருந்துச்சு, அதை மூடி மறைக்க வேணாம். ஆனா வராதவங்களை நாமளா கூப்பிடணும்ங்கிற யோசனை இருக்குல்ல, அது எங்க ஏற்பாட்டுல இல்லாம போச்சு. அதுக்கு ஒரு உதாரணம் அந்தத் தோப்புக்கார பெரியப்பா.

அவரோட தோப்பு மொத்தமும் சாஞ்சுடுச்சு. அரசாங்கம் மரத்துக்கு 600, வெட்டி அகத்த 500, ஆக 1100 ரூபாய்னு அறிவிச்சுச்சு, அது கைக்கு வர்றதுக்குள்ள எத்தனை கையெழுத்து. புதுசா கன்னு வச்சா காய் பாக்க ஆறேழு வருஷம் ஆகும், அவருக்கு வயசு எழுபதை நெருங்கிடுச்சு. அவர் பக்கத்துலயும் வரவு எழுதியாச்சு, ஆனா அந்த வீட்லேந்து சீட்டே வரல. கடைக்காரர் நாங்க யாரும் கேக்காம ஒண்ணு செஞ்சாரு. பெரியப்பாவைப் பாத்து "போன தடவை இறக்குன தேங்காய்க்கு நான்தான் உங்களுக்கு பாக்கி, பொருளா எடுத்துக்கங்களேன்"னு சொல்லிட்டாரு. பாக்கியெல்லாம் ஒண்ணும் இல்ல. மறுநாள்லேந்து சீட்டு வந்துச்சு. இது சரியா தப்பான்னு குரூப்ல யாருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்ல. பொய் சொல்லி ஒருத்தர் மானத்தைக் காப்பாத்துறது அவரைக் கொழந்தை மாதிரி நடத்துறதும்தானே? பெரியப்பாவுக்கு உண்மை தெரிஞ்சிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். அம்பது வருஷம் தேங்காய்க் கணக்கு பாத்தவருக்கு யார் யாருக்கு பாக்கின்னு தெரியாதா.

ஓடாத இடத்துக்கு வருவோம். காலனியில பாதி வீட்டுக்கு பெரிய கடை நோட்டுல பக்கமே கிடையாது. அவங்களுக்கு என்னைக்கும் ரொக்கம்தான், கடன் குடுக்க மாட்டாரு. அதனால கடன் நோட்டை நம்பி போட்ட ஏற்பாடு, கடன் கிடைக்காதவங்களை அப்படியே விட்டுட்டு மேல போயிடும், பசி அதிகமா இருக்குறது அங்கதான். காலனிக்குள்ள ஒரு அக்கா பெட்டிக்கடை வச்சிருந்தாங்க, மகளிர் குழு லோன்ல ஆரம்பிச்சது. அங்க தனியா ஒரு நோட்டு போட்டோம், அதே தொகை, அதே விதி. சிரமம் என்னன்னா அவங்க கடையில சரக்கு வைக்க இடம் இல்ல, ஆளுங்க வர வர தீந்துடும், அவங்க திருத்துறைப்பூண்டிக்கு பஸ்ல போய் தலையில சுமந்து வரணும். சில்லறையா எடுக்குறதால விலையும் கூட. ஒரே வரவுக்கு காலனியில கொஞ்சம் கம்மியா பொருள் வந்துச்சு, அந்த வித்தியாசத்தை குரூப் காசுல சரிக்கட்டினோம், ஆனாலும் பெரிய கடையே அவங்களுக்கும் நோட்டு போட்டிருந்தா அது வேண்டியிருக்காது. போடச் சொல்லி கேட்டோம். "பாக்கலாம்"னாரு. பாக்கலாம்னா என்னன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

விட்டுப்போன இன்னொரு கூட்டம், கூடாரம் போட்டு தங்கியிருந்த பூம்பூம் மாட்டுக்காரங்க. அவங்களுக்கு எந்தக் கடையிலயும் கணக்கு இல்ல, அடுத்த மாசம் எங்க இருப்பாங்கன்னும் சொல்ல முடியாது. அவங்களுக்கு கடைசியில கையில ரொக்கமா குடுத்ததுதான், எனக்கு இப்ப தோணுறது அதுவே நல்ல வழின்னு. விலை குடுத்து வாங்குறவங்களை கடைக்காரன் வாங்கன்னுதான் கூப்பிடுவான். 2013-ல அம்மா உணவகம் ஆரம்பிச்சப்போ இட்லி ஒரு ரூபாய்னு ஒரு விலை வச்சாங்க, ஒரு ரூபாயை வச்சு செலவுல எதைக் கட்டிட முடியும், ஆனா ரூபாயை நீட்டிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துங்கன்னு அதட்டிக் கேக்கலாம்.

அப்புறம் ரகசியம். இந்த முறை முழுக்க ஒரு ஆள் வாயை நம்பி இருக்கு. பெரிய கடைக்காரர் வாய் திறக்கல, அவர் கடையில நின்ன பையன் திறந்துட்டான். ஒரு கல்யாண வீட்டுல சண்டையில "ஊர்க்காசுல தின்னவன் நீ"ன்னு ஒருத்தனைப் பாத்து சொல்லிட்டான். அந்த வீட்டுக்காரங்க அதுக்கப்புறம் அந்தக் கடைப் பக்கம் வரல, வேற ஊருக்கு நடந்து போய் வாங்குறாங்க. எல்லா வீட்டுக்கும்தான் எழுதியிருக்குன்னு எங்களுக்குத் தெரியும், ஆனா சண்டையில அதெல்லாம் யார் கேக்குறா.

பணம் போட்டவங்க போட்டோ கேட்டாங்க. கடையோட மாசக் கூட்டுத்தொகையும், பொருள்வாரி எவ்வளவு போச்சுங்கிறதும் அனுப்புனோம், வீட்டு வாரியா எதுவும் கிடையாது, முகம் கிடையாது. கொஞ்ச பேர் அடுத்த தடவை காசு போடல. போனவங்களை நினைச்சு வருத்தம் ஒண்ணும் இல்ல.

யாருமே யோசிக்காம விட்டது இதுதான்: அடுத்த வருஷ அறுப்புக்கு அப்புறம் சில பேர் அந்த வரவைத் திருப்பிக் கட்ட வந்தாங்க. முதல் ஆள் அந்த அத்தை. கடைக்காரர் போன் போட்டு "வாங்கட்டுமா"ன்னு கேக்குறாரு. குரூப்ல பாதிக்கு அதிர்ச்சி, கூலிக்காரம்மாகிட்ட திருப்பி வாங்குறதா, பாவம் இல்லையான்னு. பேராவூரணி பக்கத்து ஆளு ஒருத்தர் எங்க குரூப்ல உண்டு, அங்க ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும், கறிச்சோறு போட்டு மொய் வாங்கி நோட்டுல எழுதி, எழுதுனதை அவங்க விருந்துக்குத் திருப்பிச் செய்யணும். அவருதான் சொன்னாரு, "செஞ்சவன்கிட்ட திருப்பி வாங்க மாட்டேன்னு சொன்னா எங்க ஊர்ல அது அவமானம்யா, உறவை முறிச்சுகிட்டேன்னு அர்த்தம்." வாங்கிகிட்டோம். யார்கிட்டயும் கேக்கல, வந்து குடுத்தா மறுக்கல. பெரிய தொகை இல்ல, ஆனா 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு வந்தப்போ கையில முதல்ல இருந்த காசு அதுதான்.

ஊரடங்குல காலனி அக்கா ஒரு மாத்தம் பண்ணாங்க. நோட்டுல பேரே எழுதல, ரேஷன் கார்டு நம்பர்ல கடைசி நாலு எண் மட்டும். கடையில வேற யார் நோட்டைப் புரட்டினாலும் எது யார் வீடுன்னு தெரியாது. பெரிய கடைக்கும் அதைச் சொன்னோம், அவரு "எனக்கு கண்ணாடி போட்டாலே நம்பர் தெரியாது"ன்னு தட்டிக் கழிச்சுட்டாரு. இப்ப அவரு கடையில க்யூஆர் கோடு ஒட்டியாச்சு, பையன் வியாபாரம் பாக்குறான், கடன் நோட்டு வருஷா வருஷம் மெலிஞ்சுகிட்டே வருது. அடுத்த புயலுக்கு அந்தக் கடையில இந்த முறை எடுபடுமான்னு எனக்கு சந்தேகம்தான். அக்கா கடையில எடுபடும். போன மழைக்கு கிட்டா நோட்டான்னு குரூப்ல மறுபடி பேச்சு வந்தப்போ அவங்ககிட்ட கேட்டோம். "நோட்டு இருக்கட்டும் தம்பி, பத்து மூட்டை நனையாம வைக்க ஒரு ரூம்பு கட்டிக் குடுங்க, மொத்த விலைக்கு எடுத்துப் போடுறேன், மத்ததை நான் பாத்துக்குறேன்"னாங்க. செங்கலுக்கும் தகரத்துக்கும் இப்ப எஸ்டிமேட் கேட்டிருக்கோம்.